ரோம்ல ஒரு தெருமுனை திராத்தோரியால போய் நிம்மதியா சாப்பிடறது எப்படி

ரோம் போறவங்க எங்கிட்ட கேக்குற முதல் கேள்வி எப்பவும் சாப்பாடு பத்திதான். அங்க எல்லாம் ரொம்ப காஸ்ட்லியாமே, ஒரு பாஸ்தாவுக்கு இருபத்தஞ்சு யூரோ கேக்குறாங்களாமேன்னு. கொலோசியத்தை பாத்து டேபிள் போட்டிருக்கிற கடையில உக்காந்தா கேக்கத்தான் செய்வாங்க. அதே கொலோசியம் ஸ்டேஷன்ல மெட்ரோ பி லைன் ஏறி ரெண்டாவது ஸ்டாப் பிராமிதேல இறங்கி ஒரு பத்து நிமிஷம் நடந்தீங்கன்னா தெஸ்தாச்சோன்னு ஒரு ஏரியா வரும், அங்க குடியிருக்கிற ஜனங்களே போய் சாப்பிடற, திராத்தோரியான்னு சொல்ற குடும்பக் கடைகள் இருக்கு, ஆளுக்கு 20, 25 யூரோவுல வயிறும் மனசும் நிறைஞ்சு எழுந்து வரலாம். நான் அந்தப் பக்கம் ரெண்டு வருஷம் வாடகைக்கு இருந்தவன், அந்தக் கடைகள் மேல எனக்கு ரொம்ப பிரியம், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல ஒருத்தர் சாப்பிட்டதை சொல்லிடறேன், மத்ததெல்லாம் அதுலயே அடங்கிடும். நான் போன புதுசுல ஒரு மத்தியானம் பக்கத்து டேபிள்ல ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும், தனியா வந்து உக்காந்தார். மெனு கார்டையே தொடலை. கடைக்காரம்மா கிட்ட இன்னிக்கு என்ன இருக்குன்னு மட்டும் கேட்டார். ஒரு தட்டு ரிகத்தோனி, கால் லிட்டர் வெள்ளை ஒயின், ஒரு பாட்டில் தண்ணி. பாஸ்தா வந்ததும் பேச்சே இல்லாம சாப்பிட்டார், முடிஞ்சதும் ரொட்டியை சின்னதா பிச்சு தட்டு ஓரத்துல இருந்து நடுவுக்கு வழிச்சு வழிச்சு சாப்பிட்டு தட்டு பளிச்சுன்னு ஆயிடுச்சு. அப்புறம் ஒரு கீரை, அப்புறம் ஒரு சின்ன காபி. அரை மணி நேரம் கூட ஆகலை, கவுன்டர்ல போய் காசு குடுத்துட்டு கிளம்பிட்டார். நானும் என் கூட வந்த ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் அதே நேரத்துல மெனுல இருக்கிற எல்லா வகையிலயும் ஒவ்வொண்ணு ஆர்டர் பண்ணணும்னு நினைச்சு நாலு நாலு தட்டு சொல்லிட்டு மூணாவது தட்டுக்கே முழி பிதுங்கி உக்காந்திருந்தோம், மீந்த தட்டுகளை அந்தம்மா எடுத்துட்டுப் போகும்போது அவங்க முகம் வாடுனது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அந்தப் பெரியவர் சாப்பிட்ட மாதிரி சாப்பிடுங்க, அவ்வளவுதான் விஷயம்.

மெனுல ஆன்டிபாஸ்தி, ப்ரீமி, செகோந்தி, கொந்தோர்னி, தோல்ச்சின்னு வரிசையா போட்டிருக்கும். முதல்ல கொறிக்கிறது, அப்புறம் பாஸ்தா இல்ல சூப், அப்புறம் கறி இல்ல மீன், கூட வச்சுக்க காய்கறி, கடைசியா ஸ்வீட். இது கல்யாணப் பந்தி மாதிரி எல்லாத்தையும் வாங்கியே ஆகணும்னு கிடையாது. ஒரு ப்ரீமோ, ஒரு கொந்தோர்னோ போதும். ரெண்டு பேர் போனா நடுவுல ஒரு ஆன்டிபாஸ்தோ வச்சு பங்கு போட்டுக்கலாம், பசி ஜாஸ்தின்னா ஒரு செகோந்தோவையும் பங்கு போடலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஒரே ஒரு சாலட் வாங்கிட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாலு பேர் டேபிளை ரெண்டு மணி நேரம் புடிச்சு வச்சிருக்கறதுதான் தப்பு.

கடையை எப்படி கண்டுபிடிக்கறது? பேர் பலகையை நம்பாதீங்க. ஒரு காலத்துல ஒஸ்தேரியான்னா ஒயின் ஊத்துற இடம், திராத்தோரியான்னா குடும்பமா நடத்துற சாப்பாட்டுக் கடை, ரிஸ்தோரான்தேன்னா கொஞ்சம் பெரிய ஓட்டல், இப்ப அந்த பேதம் எல்லாம் கலந்துபோச்சு. மெனுவைப் பாருங்க. ஒரே தாள்ல அடங்கணும், அன்னிக்கு என்னன்னு கையால எழுதி வச்சிருந்தா இன்னும் நல்லது. ஆறு பாஷையில, பக்கத்துக்கு பக்கம் சாப்பாட்டு போட்டோ போட்டு, வாசல்ல ஒருத்தர் நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடற கடைன்னா பேசாம தாண்டிப் போயிடுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கே டின்னர் போடற கடையும் வெளியூர்க்காரங்களை நம்பி இருக்கிற கடைதான். அந்த ஊர் ஜனங்க மத்தியானம் 12:30ல இருந்து ரெண்டரை, மூணு வரைக்கும், ராத்திரி ஏழரை எட்டுக்கு மேலதான் சாப்பிடுவாங்க, நடுவுல அடுப்பு அணைஞ்சிடும், நாலு மணிக்கு பசிச்சா துண்டு பீட்சா விக்கிற கடைக்குத்தான் போகணும். மத்தியானம் வேலைக்கு போறவங்க, பெயின்ட் ஒட்டின பேன்ட்டோட ரெண்டு பேர், ஆபீஸ் ஐடி கார்டு மாட்டின நாலு பேர் உக்காந்திருக்கிற கடை கண்ணுல பட்டா கண்ணை மூடிட்டு உள்ள போங்க.

முடிஞ்சா காலைல ஒரு போன் பண்ணி டேபிள் சொல்லி வச்சிடுங்க, சனி ராத்திரி, ஞாயிறு மத்தியானம் ரெண்டும் சொல்லாம போனா இடம் கிடைக்கறது கஷ்டம். இல்லன்னா கடை திறக்கிற நேரத்துக்கு கரெக்டா போய் நில்லுங்க. உள்ள நுழைஞ்சதும் மத்தியானம்னா போன்ஜோர்னோ, சாயங்காலம்னா போனாசேரா, இதை சொல்லாம போகவே கூடாது, அவங்களுக்கு அது ரொம்ப முக்கியம். அப்புறம் எத்தனை பேர்னு விரலைக் காட்டி சொல்லிட்டு நில்லுங்க, அவங்களே இடம் காட்டுவாங்க, காலியா இருக்குன்னு நீங்களா போய் உக்காராதீங்க.

தண்ணி எப்படின்னு கேப்பாங்க, நாத்துராலேன்னா சாதா தண்ணி, ஃப்ரிட்சான்தேன்னா சோடா மாதிரி. பாட்டில்தான் வரும், ரெண்டு மூணு யூரோ ஆகும், அதுக்கு சண்டை போடாதீங்க. தெருவுல நடக்கும்போது குடிக்க ஊர் பூரா நஸோனேன்னு இரும்புக் குழாய் ஓடிட்டே இருக்கும், அந்தத் தண்ணி சில்லுன்னு அருமையா இருக்கும், காசு கிடையாது, பாட்டிலை ரொப்பி பையில வச்சுக்கோங்க. ஒயின் குடிக்கிறவங்க வீனோ தெல்லா காசான்னு கேளுங்க, வீட்டு ஒயின்னு அர்த்தம், ஊன் குவார்தோன்னா கால் லிட்டர், மெட்சோ லீத்ரோன்னா அரை லிட்டர். ரோமுக்கு தென்கிழக்குல காஸ்தெல்லி ரொமானின்னு மலைக் கிராமங்கள் இருக்கு, பெரும்பாலும் அந்தப் பக்கத்து வெள்ளை ஒயினை குடுவையில ஊத்தி வைப்பாங்க, சாப்பாட்டோட நல்லா போகும். குடிக்கலன்னா தண்ணி போதும், அங்க யாரும் வற்புறுத்த மாட்டாங்க.

இப்ப பாஸ்தா. ரோமுக்குன்னு நாலு பாஸ்தா இருக்கு, அதுல ரெண்டையாவது ருசி பாக்காம வரக்கூடாதுன்னு நான் அடிச்சு சொல்வேன். காச்சோ எ பெப்பேன்னா பெகோரினோங்கிற செம்மறியாட்டுப் பால் சீஸும் மிளகும் மட்டும். அதோட குவான்ச்சாலே, அதாவது உப்புல பதப்படுத்தின பன்றிக் கன்னக் கறி சேர்ந்தா அது க்ரீச்சா. க்ரீச்சால தக்காளி சேர்ந்தா அமாத்ரிச்சானா, 2016ல பூகம்பத்துல நொறுங்கிப்போன அமாத்ரிச்சே ஊர் பேர்ல இருக்கிறது. தக்காளிக்கு பதிலா முட்டை சேர்ந்தா கார்போனாரா. ஒண்ணுல இருந்து ஒண்ணா கிளை விட்ட மாதிரி இருக்கும். கார்போனாரால க்ரீம் கிடையாதுங்க, நம்ம ஊர்ல க்ரீம் போட்டு தர்றதை சாப்பிட்டு அதுதான்னு நினைச்சுட்டு இருக்கிறவங்க அங்க ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க. குவான்ச்சாலேவை விரல் தடிமனுக்கு வெட்டி எண்ணெயே இல்லாம வாணலியில போடுவாங்க, அதோட கொழுப்பே உருகி ஓரம் மொறுமொறுன்னு ஆகும், உள்ள மெத்துனு இருக்கும். முட்டையை அடுப்புல வேக வைக்கறது இல்ல, வெந்த பாஸ்தாவோட சூட்டுலயும் அந்த பாஸ்தா வெந்த தண்ணியிலயும்தான் அது திரண்டு வந்து பாஸ்தாவை போர்த்திக்கும். ஒரு நிமிஷம் கூடப் போனா முட்டைப் பொரியல் ஆயிடும், குறைஞ்சா பச்சை வாடை அடிக்கும். அந்தப் பதத்துல தட்டு வந்து எதிர்ல நிக்கும்போது மஞ்சளா, பளபளப்பா, மேல கரு கருன்னு மிளகோட இருக்கும் பாருங்க.

காச்சோ எ பெப்பேக்கும் இதே கதைதான். பாஸ்தா வெந்த தண்ணில மாவுச்சத்து இறங்கி இருக்கும்ல, அதுதான் சீஸையும் தண்ணியையும் திரிய விடாம சேத்துப் புடிச்சு சாஸ் ஆக்குது. சூடு ஆற ஆற அது இறுகி கட்டியாயிடும். அதனால தட்டு வந்தா உடனே சாப்பிடுங்க, பத்து போட்டோ எடுத்து கூட வந்தவங்களுக்கும் தட்டு வரட்டும்னு காத்திருந்தீங்கன்னா அந்த சமையல்காரர் பட்ட பாடெல்லாம் வீண். மிளகு காரம் தொண்டையில மெல்ல ஏறும், சங்க காலத்துல முசிறித் துறைமுகத்துல இருந்து கப்பல் கப்பலா மிளகு வாங்கிட்டுப் போன ஊராச்சேன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள்ள ஒரு சந்தோஷம் வரும்.

பாஸ்தா கடிச்சா நடுவுல லேசா அழுத்தமா இருக்கும், வேகலைன்னு திருப்பி அனுப்பாதீங்க, அதுதான் அவங்க பதம். ஸ்பகெத்தியை கத்தியால வெட்ட வேண்டாம், ஃபோர்க்ல நாலு இழையை மட்டும் எடுத்து தட்டு ஓரத்துல வச்சு சுத்துங்க, நிறைய எடுத்தா உருண்டை பெருசாகி வாய்க்குள்ள போகாது. மீன், நண்டு, சிப்பி போட்ட பாஸ்தாவுக்கு சீஸ் கேக்காதீங்க, அவங்க மனசு கஷ்டப்படும், சீஸ் ருசியும் மீனை அமுக்கிடும். காரம் பத்தலைன்னா பெப்பெரொன்ச்சீனோ இருக்கான்னு கேளுங்க, காஞ்ச மிளகாய் இல்ல மிளகாய் ஊறின எண்ணெய் கொண்டு வந்து வைப்பாங்க. தட்டை ரொட்டியால வழிச்சு சாப்பிடறதுக்கு ஸ்கார்பெத்தான்னு பேரு, பெரிய ஓட்டல்ல வேணா தயங்கலாம், இந்த மாதிரி கடையில அதைப் பாத்தா சமைச்சவங்களுக்கு சந்தோஷம்தான்.

எந்தக் கிழமை போறீங்கங்கிறதும் பாருங்க. வியாழன் ஞோக்கி, வெள்ளி மீன், சனி குடல்னு ரோம்ல ஒரு சொலவடையே உண்டு. ஞோக்கின்னா உருளைக்கிழங்கு மாவுல புடிச்ச சின்னச் சின்ன உருண்டை, ஞ-வுல ஆரம்பிக்கிற அந்தப் பேரை நம்மள மாதிரி சுத்தமா வேற யாரும் சொல்ல மாட்டாங்க. வெள்ளிக்கிழமை கத்தோலிக்கங்க கறி சாப்பிடாத நாள், அதுக்கு முந்தின நாளே வயிறை நிரப்பிக்கிற வழக்கம்னு சொல்வாங்க. இப்பவும் நிறைய கடைகள்ல வியாழக்கிழமை மட்டும்தான் ஞோக்கி போடுவாங்க, அன்னிக்கு போனா கண்டிப்பா அதையே வாங்குங்க, காலைல புடிச்சதா இருக்கும்.

அந்த சனிக்கிழமை குடல் கதை தெஸ்தாச்சோவோட சொந்தக் கதை. 1891ல இருந்து 1975 வரைக்கும் ரோமோட ஆடு மாடு வெட்டுற பெரிய தொட்டி அங்கதான் இருந்தது, கட்டடம் இப்பவும் நிக்குது, போய்ப் பாக்கலாம். நல்ல கறி எல்லாம் வசதியானவங்க வீட்டுக்குப் போயிடும், வால், குடல், ஈரல், தலை எல்லாம் அங்க வேலை பாத்தவங்களுக்கு கூலியில ஒரு பங்கா போகும். நாலு கால் பாகம் போக மிச்சம்ங்கிறதால அதை ஐந்தாவது கால்னு, க்வின்தோ க்வார்தோன்னு சொல்வாங்க. அந்த மிச்சத்தை பக்கத்துல இருந்த ஒஸ்தேரியாக்காரங்க கிட்ட குடுக்க, அவங்க மணிக்கணக்கா அடுப்புல வச்சு உருவாக்கின சாப்பாடுதான் இன்னிக்கு ஊரே பெருமையா சொல்றது. மாட்டு வாலை தக்காளி, செலரி போட்டு கறி எலும்பை விட்டு கழண்டு வர்ற வரைக்கும் வேக வைக்கிறது கோதா அல்லா வக்கினாரா. குடலை, அதாவது மாட்டு இரைப்பையை, தக்காளியில வேக வச்சு புதினா வகை இலையும் பெகோரினோவும் தூவறது த்ரிப்பா. குடல் குழம்பு சாப்பிட்டுப் பழகினவங்களுக்கு இது புதுசாவே இருக்காது. பால் குடிக்கிற கன்னுக்குட்டி குடல்ல செய்யற பயாத்தான்னு ஒண்ணு உண்டு, மாட்டுப் பைத்திய நோய் வந்தப்ப 2001ல தடை பண்ணி 2015லதான் திரும்ப விட்டாங்க, அது இல்லாத பதினாலு வருஷத்தை அந்த ஏரியா பெரியவங்க இன்னும் வருத்தமா சொல்வாங்க.

மாடு சாப்பிடாதவங்க, பன்றி சாப்பிடாதவங்க கவனிங்க. மான்ட்சோ, வித்தெல்லோ, வித்தெல்லா, போவே இதெல்லாம் மாடு, கன்னுக்குட்டி. மையாலே, குவான்ச்சாலே, பான்ச்சேத்தா, ப்ரோஷூத்தோ எல்லாம் பன்றி. பொல்லோன்னா கோழி, அபாக்யோன்னா ஆட்டுக்குட்டி. சால்திம்போக்கான்னு ஒரு கறி ஐட்டம் இருக்கும், அதுல மாடு, பன்றி ரெண்டும் இருக்கு.

சைவம் சாப்பிடறவங்க பயப்படவே வேண்டாம், ஆனா கேட்டு சாப்பிடணும். சேன்ட்சா கார்னே, சேன்ட்சா பெஷ்ஷே, கறி வேண்டாம் மீன் வேண்டாம், இந்த ரெண்டையும் சேத்தே சொல்லுங்க, ஏன்னா அங்க காய்கறி தட்டுலயே நெத்திலி ஒளிஞ்சிருக்கும். புன்தாரெல்லேன்னு குளிர்காலத்துல ஒரு மொறுமொறு சாலட் வரும், அதோட சாஸே நெத்திலியும் பூண்டும்தான். பூசணிப்பூ பஜ்ஜி ஒண்ணு இருக்கு, ஆசையா வாங்கி கடிச்சா உள்ள சீஸோட நெத்திலி இருக்கும். சூப்புல கறி வேக வச்ச தண்ணியோ பான்ச்சேத்தாவோ இருக்கலாம், கேளுங்க. தைரியமா சாப்பிட ஆரபியாத்தா பாஸ்தா இருக்கு, தக்காளி, பூண்டு, காஞ்ச மிளகாய், நம்ம நாக்குக்கு ரொம்ப புடிக்கும். வெறும் தக்காளி துளசி பாஸ்தா மெனுல இல்லன்னாலும் கேட்டா பெரும்பாலும் செஞ்சு தருவாங்க, குழந்தைகளுக்கும் அதையே கேக்கலாம், பாதி அளவு போதும்னா மெட்சா போர்ட்சோனேன்னு சொல்லுங்க. காச்சோ எ பெப்பேல கறி இல்ல, ஆனா பெகோரினோ ரொமானோ சீஸை ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற உறைபொருள் போட்டுத்தான் உறைய வைக்கிறாங்க, அந்த அளவுக்கு கறாரா இருக்கிறவங்க அதை விட்டுடுங்க. கொந்தோர்னோல சிக்கோரியா ரிப்பஸ்ஸாத்தா கேளுங்க, லேசா கசக்கிற கீரையை வேக வச்சு பிழிஞ்சு ஆலிவ் எண்ணெயில பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கித் தர்றது, வெளிநாட்டுல பத்து நாள் சுத்தினவனுக்கு அதைப் பாத்தா கண்ணு கலங்கிடும், வீட்டுக் கீரைப் பொரியல் ஞாபகம் வரும். பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் போனா கார்ச்சோஃபி, அதாவது ஆர்டிச்சோக்ங்கிற பூமொட்டுக் காய், அதை விட்டுடாதீங்க. யூதர்கள் முறையில முழுசா பொரிச்சா இதழ் எல்லாம் விரிஞ்சு பூ மாதிரி மொறுமொறுன்னு வரும், ரோம் முறையில பூண்டு, புதினா வச்சு மெதுவா வேக வச்சா வெண்ணெய் மாதிரி கரையும்.

விலை விஷயத்துல ரெண்டு எழுத்தை மட்டும் நல்லா பாத்துக்கோங்க. மெனுல அல்லெத்தோன்னு போட்டிருந்தா அது நூறு கிராமுக்கு விலை, முழுத் தட்டுக்கு இல்ல. எஸ்.க்யூ.ன்னு போட்டிருந்தா எடை போட்டுத்தான் விலை. பெரிய நினைவுச்சின்னம் ஒண்ணு பக்கத்துல ஒரு கடையில நான் இதை கவனிக்காம, இன்னிக்கு மீன் ரொம்ப ஃப்ரெஷ்னு சொன்னதும் சரின்னு தலையாட்டிட்டேன், ரெண்டு பேர் சாப்பிட்டதுக்கு பில்லு 96 யூரோ, அந்த மாசம் முழுக்க வீட்டுல பருப்பு சோறுதான். மீன் எடுக்கும்போது எடை என்ன, மொத்தம் எவ்வளவு ஆகும், குவான்தோ வியேனேன்னு சமைக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, கேக்கறதுல ஒரு வெக்கமும் இல்ல. பேருக்கு பக்கத்துல நட்சத்திரக் குறி இருந்தா அது உறைய வச்ச சரக்கு. எழுத்துல இல்லாத ஐட்டத்தை வாயால சொன்னாலும் விலையைக் கேட்டுக்கோங்க.

பில்லுல பானேன்னு ஒண்ணரை, ரெண்டு யூரோ இருக்கும், அது ரொட்டிக்கு. இத்தாலியில மத்த ஊர்கள்ல உக்காந்ததுக்கே கோபெர்த்தோன்னு ஒரு காசு போடுவாங்க, ரோம் இருக்கிற லாசியோ மாகாணத்துல 2006லயே சட்டம் போட்டு அதை வாங்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதனால இங்க ரொட்டிக்குத்தான் போட முடியும், ரொட்டி வேண்டாம்னா வந்ததும் தொடாம திருப்பிக் குடுத்துடலாம். என்னைக் கேட்டா குடுக்காதீங்க, தட்டு வழிக்க வேணும். சேர்வீட்சியோன்னு தனியா சதவீதம் போட்டிருந்தா டிப்ஸ் வைக்கவே தேவையில்ல, இல்லன்னாலும் சில்லறையை விட்டுட்டு வந்தா போதும்.

சாப்பிட்டு முடிஞ்சு எவ்வளவு நேரம் உக்காந்தாலும் அவங்களா பில்லு கொண்டு வர மாட்டாங்க, கொண்டு வந்தா எழுந்து போன்னு சொல்ற மாதிரி ஆயிடும்னு நினைப்பாங்க. மறந்துட்டாங்க போலன்னு கோவப்படாம நீங்களே இல் கோன்தோ, பெர் ஃபவோரேன்னு கேளுங்க, இல்ல அந்தப் பெரியவர் மாதிரி நேரா கவுன்டருக்குப் போயிடுங்க. அதுக்கு முன்னாடி காபி வேணும்னா காஃபேன்னு மட்டும் சொல்லுங்க, ரெண்டு மடக்கு கறுப்புக் காபி வரும், பால் காபி அங்க காலைல குடிக்கிறது, நிறைஞ்ச வயித்துல அதை ஏன் கேக்குறீங்கன்னு பாவமா பாப்பாங்க. ரசீதை கேட்டு வாங்கிக்கோங்க. வெளிய வரும்போது சமையல்கட்டு பக்கம் பாத்து போனீசிமோ, ரொம்ப நல்லா இருந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பாத்த வரைக்கும் உள்ள இருந்து பதில் வராம இருந்ததே இல்ல.

ஆகஸ்ட்ல போறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. 15ம் தேதி ஃபெர்ரகோஸ்தோன்னு ஒரு விடுமுறை நாள், அதை ஒட்டி ஒரு வாரமோ மூணு வாரமோ இந்த மாதிரி குடும்பக் கடைகள் ஷட்டரை இறக்கிட்டு கடலோரம் போயிடுவாங்க, கதவுல கியூசோ பெர் ஃபேரியேன்னு ஒரு தாள் ஒட்டியிருக்கும், திரும்ப திறக்கிற தேதியும் அதுலயே இருக்கும். அதனால ஒரு கடையை மட்டும் நம்பிப் போகாம மூணு கடை நம்பரை எழுதி வச்சுக்கிட்டு ஓட்டல்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே போன் அடிச்சு ஸியேதே அபேர்த்தின்னு கேளுங்க, திறந்திருக்கீங்களான்னு அர்த்தம், ஸீ, அதாவது ஆமான்னு சொன்னா கிளம்பிப் போங்க.